கோடித் துணியில் அறுபதாயிரம் தையல்

1. காப்பிக் கறை

ஸ்டெல்லா டீச்சர் தம் கைப்பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்த பொருளை நான் முதலில் அடையாளம் காணவில்லை. பன்னிரண்டு அங்குலச் சதுரமாக எங்கள் எம்ப்ராய்டரிக் கூடத்திலிருந்து சம்பந்தி வீட்டாருக்குக் காட்டவென்று சென்ற துணி, நான்கு ஓரங்களும் நெளிந்து, நடுப்பகுதி கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் எழும்பி, எண்ணெயிலிருந்து எடுத்த அப்பளமாகத் திரும்பியிருந்தது. அதன் நடுவே நாங்கள் போட்ட செம்பருத்திப் பூ மட்டும் ஓர் இழைகூடப் பிசகாமல் பளபளத்தது.

"துவைச்சீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளையோட அத்தை காப்பியக் கொட்டிட்டாங்க சிஸ்டர். கறை பட்டதும் உடனே தண்ணியில அலசினேன். அலசினா இப்படியா ஆகும்? இது போர்வை. நாளைக்கு என் பொண்ணு இதைத் துவைக்கவே மாட்டாளா?"

தேவாலயப் பழக்கத்தினால் பெண்கள் எல்லாரையும் 'சிஸ்டர்' என்று அழைப்பவர் அவர். சேலையூரில் ஒரு பள்ளியில் முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் கேட்ட கேள்வியில் பிழை ஏதும் இல்லை. திருமணத்துக்குப் பதினாறு நாட்கள் இருந்தன. திருமணம் முடிந்த வாரமே அவர் மகள் எப்சி, பனி கொட்டும் நாடொன்றுக்குக் கணவனுடன் செல்கிறாள். அவளுக்கென்று தாய் கொடுத்தனுப்பும் குவில்ட் இது. பூத்தையல் போட்ட பன்னிரண்டு சதுரங்களை இணைத்து மேல்துணியாக்கி, நடுவில் பஞ்சுப்படலம் வைத்து, கீழே ஒரு துணி சேர்த்து, மூன்றையும் ஒன்றாகத் தைக்கும் போர்வை. வீட்டுத் தோட்டத்துச் செடிகள் பன்னிரண்டைத் தாமே வரைந்து கொடுத்திருந்தார்.

பன்னிரண்டில் ஒன்பது சதுரங்களை முடித்துவிட்டோம். முதலாவது அப்பளமாகி என் மேசைமேல் கிடந்தது. மற்ற எட்டும் அலமாரியில், பார்ப்பவர் மெச்சும்படி, தட்டையாகவும் அழகாகவும் அடுக்கப்பட்டிருந்தன. தண்ணீர் பட்ட அன்றே அவற்றின் கதியும் இதுதான் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

2. "அட்டை மாதிரி நிக்குதுக்கா"

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருவோருக்காக இதனை எழுதுகிறேன். ஆகவே தவறு எங்கே தொடங்கியது என்பதை வரிசையாகச் சொல்வதே முறை.

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையொன்றில் எம்ப்ராய்டரி பிரிவின் மேற்பார்வையாளராக நெடுங்காலம் இருந்து, பின்னர் கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோடு அருகே ஒரு சிறிய கூடத்தில் பொறுப்பேற்றேன். உரிமையாளர் தனசேகர். அவருடைய குடும்பம் ஒரு காலத்தில் நெல் விளைவித்த நிலத்தில் இப்போது அவருடைய கடை வரிசை நிற்கிறது. கடைசிக் கடையில் வாடகைக்கு எவரும் வராததால் அதில் இரண்டு எம்ப்ராய்டரி இயந்திரங்களை வாங்கி நிறுத்தினார். நூலைப் பற்றியோ துணியைப் பற்றியோ அவருக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. இயந்திரத்தை ஓட்டுபவர் டில்லி. நாற்பது வயதைக் கடந்தவர். ஊசி முனை மழுங்கியதை ஓசையைக் கொண்டே சொல்லிவிடக்கூடியவர்.

டீச்சர் துணியுடன் வந்த முதல் நாளே, "இதை ஒரு தடவை நல்லா நனைச்சுக் காயவெச்சுக் கொண்டு வாங்க" என்று சொன்னேன். அது அனகாபுத்தூர்த் தறியொன்றில் அவருக்கென்றே நெய்த பருத்தித்துணி. இளமஞ்சள் நிறம். அந்தச் சாயத்தில் அதற்குமேல் ஒரு முழமும் கிடையாது என்று நெசவாளர் கையை விரித்துவிட்டாராம். கைத்தறித் துணியில் பாவுநூலுக்குக் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். முதல் நீரில் கஞ்சி இறங்கும்; துணி சுருங்கும். இதை அறியாத தையற்காரர் இல்லை.

டீச்சர் முகம் மாறியது. "கல்யாணச் சீர் சிஸ்டர். கோடியாத்தான் கொடுக்கணும். நனைச்ச துணியைச் சீர்ல வெச்சா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க? எங்க அம்மா எனக்குச் செஞ்சதும் கோடிதான்."

தண்ணீர் காணாத புதுத்துணிக்குத்தான் கோடி என்று பெயர். இந்து வீடாயினும் கிறித்தவ வீடாயினும் இவ்வட்டாரத்தில் இதில் வேற்றுமை இல்லை. நான் இரண்டு முறை வாதாடினேன். மூன்றாவது முறை தனசேகர் இடையில் புகுந்தார்.

"மேடம், கஸ்டமர் சொன்னா சொன்னதுதான். குவில்ட்டுன்னா என்னா? மெத்த மேல போடுற போர்வ. அதுக்குப் போய் இவ்ளோ பஞ்சாயத்தா?"

நான் அடங்கிவிட்டேன். அடங்கியது முதல் தவறு. 

நிறைந்த தையல் உள்ள வடிவத்துக்கு நல்ல பலன் வேண்டுமாயின் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். டீச்சர் வரைந்த செம்பருத்தியில் அறுபதாயிரம் தையல்கள். ஓர் இதழின்மேல் நான்கு சிவப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. இயந்திரம் இரண்டு மணி நேரம் ஒரே பூவைக் கொத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தையலும் துணியைத் தன் பக்கம் சிறிது இழுக்கிறது. ஒரு தையலின் இழுப்பு கண்ணுக்குத் தெரியாது. அறுபதாயிரத்தின் இழுப்பு தெரியும். அதைத் தாங்குவதற்காகவே துணிக்கு அடியில் பேக்கிங் பேப்பர் வைக்கிறோம். பெயர்தான் பேப்பர், அது நெய்யாத துணி. கிழித்தெடுக்கும் வகை இதற்கு ஆகாது. தையலுக்கு வெளியே வெட்டிவிட்டு, தையலுக்கு அடியில் என்றும் நிலைத்திருக்கும் வகைதான் வேண்டும்; அதுவும் இரண்டு அடுக்கு.

டில்லி துணியை ஃபிரேமில் பூட்டி விரலால் தட்டிப் பார்த்தார். "அட்டை மாதிரி நிக்குதுக்கா. இதுக்கு எதுக்கு ரெண்டு பேப்பர்? ஒண்ணு போதும். ரெண்டு வெச்சா போர்வ பாய் மாதிரி ஆயிடும்."

நானும் தட்டிப் பார்த்தேன். உண்மையாகவே அட்டைபோல் நின்றது. தலையசைத்தேன். அட்டையாக நின்றது துணி அன்று, கஞ்சி என்பதை என் விரல் எனக்குச் சொல்லவில்லை. இது இரண்டாவது தவறு.

மூன்றாவது தவறைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. எந்த வேலையையும் தொடங்குமுன் சாம்பிள் போட்டு, அதை ஓர் அட்டையில் ஒட்டி, அதன்கீழ் நான் கையெழுத்திட்ட பின்னரே ஓட்ட வேண்டும் என்பது நானே ஏற்படுத்திய விதி. தொழிற்சாலைக் காலத்திலிருந்து ஒரு நாளும் அதை மீறியதில்லை. செம்பருத்திக்கும் சாம்பிள் போடச் செய்தேன். ஆனால் டீச்சரின் துணியை வீணாக்கக் கூடாது என்று எண்ணி, மூலையில் கிடந்த பாப்லின் வெட்டுத்துண்டில் போடச் சொன்னேன். அழகாக வந்தது. கையெழுத்திட்டேன்.

3. ஆளாளுக்கு ஒரு நியாயம்

அப்பளத்தைப் பார்த்ததும் தனசேகர் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அடுத்த இரண்டு மணி நேரம் அந்தக் கூடத்தில் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. வடிவத்தைக் கணினியில் தையலாக மாற்றும் வேலைக்குப் பஞ்சிங் என்று பெயர். எங்களுக்குப் பஞ்சிங் செய்து கொடுப்பவர் சிறுசேரியில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிபவர். விடுமுறை நாட்களில் இதைச் செய்கிறார். அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஃபைல்ல எந்த இஷ்யூவும் இல்ல மேடம். நான் செக் பண்ணிட்டுத்தான் அனுப்பினேன்."

"ஒன்பது அங்குலத்துல போட்டதை எட்டா குறைக்கச் சொன்னேனே தம்பி, தையல் எண்ணிக்கையையும் குறைச்சீங்களா?"

"சைஸ் மட்டும்தானே மேடம் குறைக்கச் சொன்னீங்க?"

அதாவது, ஒன்பது அங்குலத்துக்கு உரிய தையல்கள் முழுவதும் எட்டு அங்குலத்துக்குள் நெருக்கியடித்துக் குடியேறியிருந்தன. அதனைக் கேளாமல் ஏற்றதும் நான்தான். தொலைபேசியை வைத்தேன்.

"அயர்ன் பண்ணினா படிஞ்சிடாதா சிஸ்டர்?" என்றார் டீச்சர்.

"மேல கனமா எதுனா வெச்சி ரெண்டு நாள் வுட்டா சரியாப் பூடும்" என்றார் தனசேகர். பிறகு டில்லியின் பக்கம் திரும்பினார். "டேய், நூல் டென்ஷன ஏத்தி வெச்சியா? உண்மையச் சொல்லு."

"நான் இன்னா சார் பண்ணேன்? டென்ஷன் கரீட்டாதான் கீது. அடியில கீற பாபின் நூலு மேல வந்திருக்கா பாரு சார். ஒரு பொட்டு வரல."

"அப்ப துணி தானா சுருங்கிக்கிச்சா? ஃபோன் பாத்துகினே ஓட்டியிருப்ப."

"ஃபோன் பாக்கறதுக்கு எங்க சார் டைம் கீது? அந்தச் செம்பருத்தி பத்து நிமிசத்துக்கு ஒருவாட்டி நூல அறுக்குது. அதுக்குக் கோத்துவுடறதே எனுக்குப் பொழப்பு."

இந்தக் கூச்சலுக்கு ஒரு முடிவு கட்ட எண்ணி, நான் ஒரு காரியம் செய்தேன். சாம்பிள் அட்டையிலிருந்து பாப்லின் துண்டைப் பிரித்தேன். பின்புறக் குழாயடியில் வாளி நீரில் முக்கி அலசி, பிழிந்து, மின்விசிறியின்கீழ் உலர்த்தி, எல்லார் முன்னிலையிலும் மேசைமேல் விரித்தேன். எங்கள் முறை சரியானதே என்று காட்டுவது என் நோக்கம். அதில் ஒரு சுருக்கமும் இல்லை. செம்பருத்தி பலகைபோல் படுத்திருந்தது.

தனசேகர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களா மேடம்? அதே டிசைன், அதே மிஷின், அதே நூலு. நீங்க பக்கத்துல நின்னு போட வெச்சது நல்லாக் கீது. இவன் தனியா ஓட்டினது நாசமாப் போச்சு. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்? டில்லி, கணக்கு முடிச்சிக்க. நாளையிலருந்து வராத."

டில்லி நூல் கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சாம்பிள் அட்டையில் என் கையெழுத்து இருந்தது. அதற்கு எதிராக அவர் வார்த்தை எடுபடாது.

அந்தப் பார்வைக்கு நான் உடனே விடை சொல்லவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். பல ஆண்டுக் காலம் அப்பழுக்கற்ற மேற்பார்வையாளர் என்று பெயரெடுத்தவளுக்கு வாய் எளிதில் திறப்பதில்லை. பாப்லின் துண்டைத் தனசேகரின் கையிலிருந்து வாங்கினேன்.

"தனசேகர், அது அதே துணி இல்ல."

"இன்னா மேடம்?"

"சாம்பிள் போட்டது மில் பாப்லின்ல. மில்லுலேயே சுருக்கி எடுத்து வர்ற துணி அது, இனிமே சுருங்காது. இது கஞ்சி இறங்காத கைத்தறி. பூவுல இருக்கிற பாலியெஸ்டர் நூல் சுருங்கல, சுத்தியிருக்கிற துணி சுருங்கிடுச்சு. பூவுக்குப் போக இடமில்லாம மேல எழும்பிடுச்சு. பாப்லின்ல போடச் சொன்னது நான். ஒரு பேப்பர் போதும்னு தலையாட்டினது நான். கையெழுத்தும் என்னோடது. அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க."

தனசேகருக்கு விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. "எல்லாரும் சேந்து என்னப் பேஜார் பண்றீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். டில்லியை வரவேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை. இவ்வளவும் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர், "அப்போ என் போர்வை?" என்று கேட்டார்.

4. கத்தரி

வழி சொன்னவர் டில்லிதான். அப்பளத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அக்கா, பூவு நல்லாத்தான் கீது. சுத்தில கீற துணிதான் வம்பு பண்ணுது. வம்பு பண்றத வெட்டிக் கடாசினா?"

"வெட்டினா சதுரம் ஏது?"

"பூவ மட்டும் எடுத்து வேற துணி மேல வெச்சித் தெச்சுக்கலாம்ல."

அவருக்கு முன் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. வளைந்த முனையுள்ள சிறு கத்தரியால் செம்பருத்தியை ஓரத்தோடு வெட்டினார். சுற்றியிருந்த துணி கழன்றதும் கவிழ்ந்த கிண்ணம் மறைந்து, பூ தானாகவே படுத்தது. டீச்சரோ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"கல்யாணத் துணியில கத்தரி வைக்கிறீங்களே! நனைச்சதுமில்லாம வெட்டியும் போட்டா அது கோடியா? அதைவிட, எதை மேல வெச்சுத் தைப்பீங்க? அந்த மஞ்சள் இனிமே கிடைக்காதே."

"நல்லாத் துவைச்சு, இனிமே சுருங்க வழியே இல்லாத பருத்தித் துணி வேணும் டீச்சர். எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது" என்றேன்.

அவர் நெடுநேரம் அந்தப் பூவைத் தடவிக்கொண்டிருந்தார். கோபத்தோடு எழுந்து போய்விடுவார் என்றே எதிர்பார்த்தேன்.

"எப்சி பொறந்தப்போ," என்று மெல்லச் சொன்னார், "நர்ஸ் என்னோட பழைய புடவையிலதான் சுத்தி வாங்கினாங்க. பச்சக் குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும், பழசு கொண்டு வாங்கன்னு சொன்னாங்க. அப்போ யாரும் கோடி கேக்கல." பிறகு, வகுப்பில் கணக்கை முடித்தவர்போல் பையை மூடினார். "நாளைக்குக் கொண்டு வரேன்."

மறுநாள் ஐந்து பருத்திப் புடவைகளைக் கொண்டு வந்தார். பள்ளிக்கு உடுத்திச் சென்றவை. நூறு முறையேனும் நீர் கண்டிருக்கும். மஞ்சள், சந்தனம், வெளிர்பச்சை. அவற்றைத் தொட்டுப் பார்த்தேன். ஐந்தும் அட்டை அட்டையாக விறைத்திருந்தன.

"டீச்சர்! கஞ்சி போட்டிருக்கீங்களா?"

"நேத்து போய் எல்லாத்துக்கும் கஞ்சி போட்டு அயர்ன் பண்ணினேன் சிஸ்டர். கசங்கின புடவையை ஒருத்தர் கையில எப்படிக் கொடுக்கறது? முப்பது வருஷப் பழக்கம்."

டில்லி சிரிப்பை அடக்க முடியாமல் இயந்திரத்துக்குப் பின்னால் போய்விட்டார். ஐந்து புடவைகளையும் நானே வாளியில் ஊறவைத்து, கஞ்சியின் வழவழப்பு விரலில் படாத வரையில் அலசி, தனசேகரின் மாடியில் உலர்த்தினேன். "எம்ப்ராய்டரி யூனிட்டா, டோபி கடையா?" என்று அவர் கீழிருந்து கேட்டார். நான் அடுத்த புடவையைக் கொடியில் போட்டேன்.

5. இரண்டாம் முறை

மீதமிருந்த பதினைந்து நாட்களில் செய்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். வேலை கற்போருக்கு இது பயன்படும்.

முடிந்திருந்த மற்ற எட்டுச் சதுரங்களையும் முதலில் நீரில் போட்டோம். எட்டும் எதிர்பார்த்தபடியே அப்பளமாயின. இனிச் சுருங்குவதற்கு ஒன்றுமில்லை என்றான பின், பூக்களை வெட்டியெடுத்து, தடித்த துண்டின்மேல் குப்புறப் போட்டு ஆவியில் தேய்த்தோம். நேர்ப்பக்கத்தில் தேய்த்தால் தையல் நசுங்கி உயிரிழந்துவிடும்.

பழம்புடவை மென்மையானது; தானாக எதையும் தாங்காது. அதன் பின்புறத்தில் ஃபியூசிங் துணியைத் தேய்த்து ஒட்டினோம். சட்டைக் காலருக்கு ஒட்டும் முரட்டு வகை வேண்டாம். நெய்த மெல்லிய வகையே போதும். சதுரங்களைப் பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதில் பதினான்காக வெட்டினோம். தையலின் இழுப்பில் துணி எப்படியும் சற்றுக் குறுகும். எல்லாம் முடிந்த பிறகே அளவுக்கு வெட்ட வேண்டும். முன்னதாக வெட்டிவிட்டுப் பிறகு அழக் கூடாது.

ஒன்பது பூக்களையும் புடவைச் சதுரங்களில் வைத்து, ஓரத்தில் நெருக்கமான ஜிக்ஜாக் தையல் ஓட்டினோம். எஞ்சிய மூன்றை நேரடியாகப் போட வேண்டியிருந்தது. பஞ்சிங் தம்பியிடம், மேலிதழின்கீழ் மறைந்து கண்ணுக்கே தெரியாமற்போகும் தையல்கள் அனைத்தையும் நீக்கச் சொன்னேன். செம்பருத்தியைப் போலவே அறுபதாயிரமாக இருந்த ஒவ்வொன்றும் நாற்பதாயிரமாயிற்று. பூவில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்த இருபதாயிரமும் இத்தனை நாள் எதற்காக இருந்தன என்று கேட்டேன். "ரிச்சா இருக்கும்னு போட்டேன் மேடம்" என்றார்.

அடியில் பேப்பர் இரண்டு. ஊசி புதியது. வேகத்தை நிமிடத்துக்கு அறுநூறு தையலாகக் குறைத்தோம். துணியை ஃபிரேமில் தளர்வின்றிப் பூட்ட வேண்டும். ஆனால் பூட்டிய பின் ஓரத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்துப் பூட்டிய துணி, கழற்றியதும் தன் பழைய இடத்துக்குத் திரும்பும்; திரும்பும்போது பூவைச் சுருக்கிவிடும். நாங்கள் தொடங்குமுன் அதே புடவையில், அதே ஃபியூசிங்குடன், அதே பேப்பருடன் சாம்பிள் போட்டு, அதை நனைத்து, உலர்த்தி, பார்த்தோம். அதன் பிறகே கையெழுத்து.

கடைசியாக மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது தனசேகர் வந்து, "பூவு மேலயும் ரெண்டு லைன் ஓட்டுங்க, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றார். ஓட்டக் கூடாது, நிறைந்த தையலின்மேல் ஊசி நுழையாது என்றேன். ஒரே ஒரு முறை பார்க்கலாம் என்று அடம்பிடித்தார். ஊசி முறிந்து, அதன் துண்டு அவருடைய செருப்பருகே போய் விழுந்தது. அதன் பின்னர் பூவைச் சுற்றி மட்டுமே தையல் ஓட்டினோம். குவியலாகக் கிடந்தவை போர்வையாகி, மடிக்கப்பட்டு டீச்சரின் வீட்டுக்குச் சென்றபோது திருமணத்துக்கு மூன்று நாட்கள் இருந்தன.

மறுநாள் மாலை அவர் மீண்டும் வந்தார். கையில் அதே பை. டில்லி இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

டீச்சர் போர்வையை எடுத்து மேசைமேல் விரித்தார். சோப்பு மணமும் வெயில் மணமும் வந்தன. பன்னிரண்டு செடிகளும் தட்டையாகப் படுத்திருந்தன. ஓரங்கள் நேராக இருந்தன. டில்லி குனிந்து, செம்பருத்தியைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார்; எங்கும் தடுக்கவில்லை.

"நேத்து வாஷிங் மிஷின்ல போட்டுட்டேன் சிஸ்டர். அங்க போய் அவ துவைச்சு, அது சுருங்கி, அவ எனக்கு ஃபோன் பண்றதைவிட இங்கயே பாத்துக்கறது நல்லதுன்னு தோணுச்சு. எப்சிக்கும் காட்டிட்டேன். 'அம்மா, இது நான் அஞ்சாங்கிளாஸ் படிக்கறப்போ நீங்க கட்டின புடவைதானே'ன்னு அந்தப் பச்சையைக் கண்டுபிடிச்சிட்டா." பின்னர் சற்றுக் குரலைத் தாழ்த்தினார். "கஞ்சி போடல. கை துடிச்சது. ஆனா போடல."

இதில் நான் கற்றதைப் பெரிய வாக்கியமாகச் சொல்ல வேண்டியதில்லை. சோதனை என்பது தவறு வெளிப்படுவதற்காகச் செய்வது. என் பாப்லின் சாம்பிள், தவறு வெளிப்படாமல் இருப்பதற்காக நான் அறியாமலே செய்துகொண்ட ஏற்பாடு. அதன்கீழ் இருந்த என் கையெழுத்து, ஒரு நல்ல தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பும் அளவுக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் வேறொருவர் தலையணை உறைகளுக்கு மயில் கேட்டு வந்தார். சாம்பிள் முடிந்ததும் பழக்கத்தினால் அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். டில்லி என் கையிலிருந்து துணியை உருவிக்கொண்டார்.

"கையெழுத்து அப்பறம் போட்டுக்கலாம்கா," என்றார், "மொதல்ல பக்கெட்ல போடு."